பேய்க்கு என்ன வேண்டும்?

சீன நாள்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் பினாங்கில் ஆவிகளுக்கு விடுமுறை. ஹொக்கியன் மக்கள் ‘போர் டோர்’ என்று சொல்லும் அந்த நாள்களில், ஜார்ஜ்டவுனின் சந்தை ஓரங்களிலும் தெருமுனைகளிலும் மேடை போட்டுக் கூத்து நடக்கும். நாற்காலிகளில் முன்வரிசை மட்டும் காலியாக இருக்கும். எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வந்திருக்கும் விருந்தாளிகளின் இடம் அது. ‘தாய் சூ யா’வின் பெரிய காகித உருவத்தின் முன் சோறும் பழமும் படைப்பார்கள். விழா முடிவில் அந்த உருவத்தை எரித்து, வந்தவர்களை வழியனுப்பி வைப்பார்கள்.

இதில் யாரும் பேயை அடித்து விரட்டுவதில்லை. வந்தவருக்குப் பசி, சாப்பாடு போட்டு, கூத்துக் காட்டி, மரியாதையாக அனுப்பிவைக்கிறார்கள். நம் வீடுகளில் ஆடி அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கும்போதும் மனத்தில் ஓடும் கேள்வி இதுதான்: போனவருக்கு என்ன பிடிக்கும்?

பகடை உருட்டி விளையாடும் கற்பனைக் கதை விளையாட்டில் ஒரு பேயைக் கொண்டுவர நினைப்பவர்கள், விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

என்ன விளையாட்டு இது?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் அந்தப் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக் கத்தி விளையாடுவார்களே, அதுதான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள். இன்று அதைப் போல நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் இருக்கின்றன. நம் நாட்டிலேயே எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் சேர்ந்து, தென்கிழக்காசியத் தீவுகளையும் காடுகளையும் களமாக வைத்து ‘ஏ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ என்ற சிறு புத்தக வரிசையைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆட்டம் எளிமையானது. நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம்: போர்வீரன், மந்திரக்காரி, திருடன், வைத்தியர். “கதவைத் தள்ளுகிறேன்” என்று நீங்கள் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கதை நடத்துபவர் சொல்வார். நினைத்தது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் 20 பக்கப் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். திரையும் வேண்டாம், ஜாய்ஸ்டிக்கும் வேண்டாம். பேசத் தெரிந்தால் போதும்.

பூதம், டிராகன், எலும்புக்கூட்டுப் படை எல்லாவற்றையும் சுலபமாகச் சமாளிக்கும் கதை நடத்துநர்கள் தடுமாறுவது பேயிடம்தான். விதிப் புத்தகம் பேய்க்கு நிறையக் கொடுத்திருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அது சுவருக்குள் புகுந்து போகும். ஒருவர் உடம்பில் ஏறிக்கொள்ளும். அதன் முகத்தை 60 அடிக்குள் பார்த்தவர் பகடையில் மோசமாகத் தோற்றால் 10 முதல் 40 வயது வரை ஒரே நொடியில் மூப்படைந்துவிடுவார். படிக்கும்போது மயிர்க்கூச்செறியும்.

மேசைக்கு வந்ததும் நடப்பது வேறு. “அண்ணே, அதுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?” என்று யாராவது கேட்பார்கள். புத்தகத்தில் 45 என்று இருக்கும். ஒருவர் வெட்டினால் 7 போகும், இன்னொருவர் தீயை வீசினால் 11 போகும். பேய் கழித்தல் கணக்காகிவிடும். கணக்கைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, பள்ளிக்கூடத்தைத் தவிர.

மலாக்காவிலிருந்து போன தலை

இந்த விளையாட்டின் பேய்ப் பட்டியலில் நம் ஊர்ப் பேய் ஒன்று பல காலமாக இருக்கிறது. 1981இல் வந்த ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்ற புத்தகத்தைப் புரட்டினால் ‘பெனாங்கலான்’ கண்ணில் படும். இரவில் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு, தலையும் தொங்கும் குடலுமாகப் பறந்துவரும் மலாய்ப் பெண் பேய். மலாயில் ‘தாங்கால்’ என்றால் கழன்றுவிழுவது. பினாங்கு என்ற ஊர்ப் பெயரோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். நம் தீவுக்குப் பெயர் கொடுத்தது பாக்கு.

இந்தப் பேயைப் பற்றி விரிவாக எழுதிவைத்த ஆரம்பகால எழுத்தாளர்களில் ஒருவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர், அரபு–தமிழ் வம்சாவளி. மலாக்காவின் வணிக மொழியாக இருந்த தமிழை உட்கார்ந்து கற்றவர். ராஃபிள்சிடம் எழுத்தராக வேலை பார்த்தவர். 1849இல் அச்சான அவருடைய ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் பெனாங்கலான் வருகிறது. அந்த வகையில் இது நம் உறவுக்காரர் வீட்டுப் பேய்.

மக்கள் வழக்கில் இந்தப் பேய்க்கு இருக்கும் நுணுக்கங்களைப் பாருங்கள். வெளியே போய் வந்ததும் வீங்கிய குடலைச் சுருக்க, அது காடியில் ஊற வேண்டும். அதனால் அவளிடம் எப்போதும் காடி வாசம். குடல் சிக்கிக்கொள்ளும் என்பதால் முள்ளுக்குப் பயம்; பிள்ளை பிறந்த வீட்டில் முள்ளுள்ள மெங்குவாங் தாழை இலையைச் சன்னல் ஓரத்தில் கட்டிவைப்பார்கள். பகலில் அவள் ஊருக்கு வேண்டிய மருத்துவச்சியாகவே இருக்கலாம்.

நல்ல பேய் ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. ஒரு வாசம், ஒரு பயம், ஒரு ரகசியம். பகலில் ஊரில் விசாரித்தால் துப்புக் கிடைக்கும். இரவில் அந்தத் துப்புதான் ஆயுதம். “எத்தனை உயிர்ப்புள்ளி?” என்ற கேள்வி வராது, “காடி வாசம் அடித்தது யார் வீட்டில்?” என்ற கேள்வி வரும்.

ஆசை, விதி, விலை

பேயைத் தயார் செய்ய ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதினால் போதும். அதற்கு என்ன வேண்டும்? அது எந்த விதிக்குக் கட்டுப்படும்? விதியை மீறுபவர் என்ன விலை கொடுக்க வேண்டும்?

விதிக்கு வேதாளத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அம்புலிமாமா படித்த அப்பா அம்மாவைக் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள். விக்கிரமாதித்தன் வாய் திறக்காமல் பிணத்தைச் சுமக்க வேண்டும். வேதாளம் கதை சொல்லிக் கடைசியில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மறுபடி மரத்துக்கு ஏறிவிடும். வாளுக்கு அங்கே வேலையே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் இழப்பு என்ற இடுக்கில் அரசனை நிறுத்துகிறது கதை. மேசையில் ஆட்டக்காரர்கள் நெளிய வேண்டிய இடம் அதுதான்.

ஆசைக்குப் பழையனூர் நீலியைப் பார்க்கலாம். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாக வருகிறான். அவன் கையில் இருக்கும் மந்திரக் கத்தியால் நீலி கிட்டே போக முடியவில்லை. கையில் பிள்ளையோடு மனைவி வேடத்தில் ஊர்ச்சபைக்குப் போய் அழுகிறாள்: என்னை இவரோடு சேர்த்துவையுங்கள், கத்தியை மட்டும் வாங்கி வையுங்கள். 70 வேளாளர்கள் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்துக் கத்தியை வாங்குகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலியின் ஆயுதம் நகமும் பல்லும் இல்லை, அந்த ஊரின் நியாய உணர்ச்சி. உங்கள் பேயும் ஆட்டக்காரர்களிடம் வந்து தீர்ப்புக் கேட்கலாம். அவர்கள் நல்லவர்களாக நடந்துகொள்வதே அவர்களைச் சிக்கவைக்கலாம்.

பேய் எப்போதும் அச்சுறுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடும் பேய்கள் கூட்டமாக வந்து காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைத்துக் குடிக்கின்றன. கோரமும் சிரிப்பும் ஒரே பானையில் வேகின்றன. மூன்று மணிநேர ஆட்டத்தில் நடுவே ஒரு சிரிப்பு வந்தால்தான், அடுத்து வரும் பயம் உறைக்கும்.

விலை விஷயத்தில் ஒரு யோசனை. புள்ளியைக் கழிக்காதீர்கள். பாத்திரத்திடமிருந்து அவருக்குப் பிடித்த எதையாவது கேளுங்கள்: ஒரு நினைவு, தாயின் குரல், சொந்த ஊரின் பெயர். புள்ளி ஒரு இரவு தூங்கி எழுந்தால் திரும்ப வந்துவிடும். அம்மாவின் குரல் வராது.

காதுக்கு வேலை கொடுங்கள்

இது என் தொழில் சார்ந்த பகுதி. வானொலியில் நாங்கள் அஞ்சுவது மௌனத்துக்கு. ஐந்து விநாடி சத்தம் நின்றால் நேயர் கை தானாக ரேடியோ பக்கம் போகும். அந்த ஐந்து விநாடிகளை மேசையில் வேண்டுமென்றே பயன்படுத்தலாம். “கிணற்றுக்குள் இருந்து யாரோ உன் பெயரைச் சொல்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். விளக்க வேண்டாம். ஐந்து முடிவதற்குள் யாராவது ஒருவர் நாற்காலியை முன்னால் இழுப்பார்.

குரலை உயர்த்தாதீர்கள், தாழ்த்துங்கள். கேட்க வேண்டுமென்றால் அவர்கள் குனிந்து வரட்டும். ‘பயங்கரமான’, ‘கொடூரமான’ போன்ற சொற்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஈரத் துணி வாசம், அணைந்த விளக்குத் திரி, யாரும் இல்லாத திண்ணையில் இன்னும் சூடாக இருக்கும் பாய். இப்படி ஒன்று போதும். மீதியைக் கேட்பவரே கட்டிக்கொள்வார். ‘பேய்’ என்ற சொல்லையும் கடைசிவரை நீங்கள் சொல்லாமல் இருந்து பாருங்கள். முதலில் ஆட்டக்காரர் ஒருவர் வாயிலிருந்து அது வரட்டும்.

பின்னணி இசையைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். நம் ஊர் வெக்கைக்கு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியைச் சரியான நொடியில் நிறுத்துங்கள். இத்தனை நேரம் காதில் விழாமல் இருந்த அந்தச் சத்தம் போனதும், அறை தானாகவே விறைக்கும். விளக்கை முழுதாக அணைத்துவிடாதீர்கள். பகடையில் விழுந்த எண் தெரிய வேண்டும்.

தயாராக ஒரு பேய்: பெரட்டு

அடுத்த சனிக்கிழமையே முயன்றுபார்க்க ஒரு காட்சி. நான்கு பேர், மூன்று மணிநேரம். தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் ‘பெரட்டு’ என்றால் சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம் அது.

களம் ஒரு கற்பனை நாட்டின் மலையடிவாரம். கைவிடப்பட்ட மிளகுத் தோட்டம். மழைக்கு ஒதுங்கும் பயணிகள் பழைய லயத்தில் தங்குகிறார்கள். பக்கத்துக் குடிசைப் பாட்டி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார்: “ராத்திரியில பேரு சொல்லிக் கூப்பிட்டா, மூணாவது தடவைக்கு முன்னாடி வாயைத் திறக்காதீங்க கண்ணுங்களா.” நம்மில் பலர் வீட்டில் கேட்டு வளர்ந்த எச்சரிக்கை. அதனால்தான் மேசையில் உடனே வேலை செய்யும்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் தேடிப்பார்த்தால் மூன்று பொருள்கள் கிடைக்கும். ஒன்று, ஆள்கணக்கு எழுதிய செக்ரோல் புத்தகம். அதில் 41 வரி, ஆனால் 40 பெயர்தான், ஒரு வரி சுரண்டப்பட்டிருக்கிறது. இரண்டு, மிளகு உலர்த்தும் கொட்டகைத் தரையில் புதைந்த ஒரு கண்ணாடி வளையல். மூன்று, களத்தில் வரிசையாக ஈரக் காலடித் தடங்கள். போன தடம் இருக்கிறது, திரும்பிய தடம் இல்லை.

நான்கு மணிக்கு மணி அடிக்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள். கையில் அரிக்கன் விளக்கோடு ஒரு கிராணி. புத்தகத்தைப் பார்த்துச் சலிப்பான குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். காலியான களத்திலிருந்து “இருக்கேன்யா” என்று பதில் வருகிறது. நாற்பதும் முடிந்தபின் அவர் நிமிர்கிறார். ஒரு ஆள் குறைகிறது. இப்போது உங்கள் ஆட்டக்காரர்களின் பாத்திரப் பெயர்களைக் கூப்பிடத் தொடங்குகிறார்.

விதி: ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். கூப்பிட்டதும் மனவுறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும். 13க்குக் குறைந்தால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். முதல் அல்லது இரண்டாவது அழைப்பில் பதில் சொன்னவர் ஒரு நினைவை இழக்கிறார். எது என்று ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். சொன்னதும் கிராணி அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். வாளால் வெட்டினால் வாள் புகையில் போனதுபோல் போகும். அவர் தலை நிமிராமல் “ஒரு நாள் சம்பளம் வெட்டு” என்று எழுதுவார். சிரிப்பு வரும். வரட்டும்.

மூன்றாவது அழைப்புவரை தாங்கியவர் கிராணியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவருக்கு என்ன வேண்டும்? கணக்கு முடிய வேண்டும். புத்தகத்தை மூடாமல் அவரால் போக முடியாது. நாற்பத்தோராவது ஆள் ஒரு பெண். கொட்டகைச் சுவர் சரிந்து வேலை நேரத்தில் செத்துப்போனவள். விபத்து என்று எழுதினால் மேலிடத்துக்குக் கோபம் வரும் என்று ‘வரவில்லை’ என்று எழுதி, பிறகு பெயரையே சுரண்டியவர் இந்தக் கிராணிதான். அவளுடைய பெயர் யாருக்குத் தெரியும்? வளையலைக் கொண்டுபோய்க் காட்டினால் குடிசைப் பாட்டிக்குத் தெரியும். அவளுடைய தங்கை அவர்.

இங்கே இரண்டு வழி. புத்தகத்தை எரித்துவிட்டால் கிராணி அந்த நொடியே மறைந்துவிடுவார். சுலபமான வெற்றி. அதோடு நாற்பது பேரின் பெயரும் ஆட்டக்காரர்கள் இழந்த நினைவுகளும் சாம்பலாகும். இல்லையென்றால், விடிவதற்குள் பாட்டியிடம் ஓடி, பெயரைத் தெரிந்துகொண்டு வந்து, கிராணியின் கையாலேயே அதை எழுதவைக்க வேண்டும். எழுத அவர் சம்மதிக்க மாட்டார். எழுதினால் தான் செய்தது வெளியே வரும் என்று எத்தனையோ வருடமாகப் பயந்துகொண்டிருப்பவர் அவர்தான். இந்தக் காட்சியில் அதிகமாகப் பயப்படுவது பேய். அதைப் பேசிச் சம்மதிக்கவைப்பதுதான் சண்டை. பகடைக்கு இங்கே அவசரமில்லை; நல்ல வார்த்தை சொன்னவருக்கு அதன் மதிப்பைக் கொடுங்கள்.

பெயர் எழுதப்பட்டால், அவர் அதை ஒருமுறை உரக்கக் கூப்பிடுவார். ஐந்து விநாடி மௌனம். பிறகு கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குரல்: “இருக்கேன்யா.” புத்தகம் மூடும். நினைவுகள் திரும்பும். மின்விசிறியைப் போடுங்கள்.

யாருடைய பேய் இது?

மலேசியத் தமிழருக்குப் பதில் வராத பெரட்டு வெறும் கற்பனை இல்லை. 1942–43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஆயிரமாயிரமாக அங்கேயே மடிந்தார்கள். காஞ்சனாபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பலருக்குப் பெயர் எழுதிய கல் கிடையாது.

அந்த உண்மையான மனிதர்களை விளையாட்டில் பேயாக நிறுத்தாதீர்கள். நாட்டையும் பெயரையும் பயிரையும் மாற்றிக் கற்பனையாக்கியது அதற்காகத்தான். ஆனாலும் ஆட்டம் முடிந்தபின் யாராவது “எங்க தாத்தாவும் சயாமுக்குப் போனவருதான்” என்று தொடங்கினால், பகடையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். அந்த இரவின் சிறந்த கதை அதுவாக இருக்கும்.

மேசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பினாங்கு மேசையில் ஒரு தமிழர், ஒரு ஹொக்கியன், ஒரு மலாய்க்காரர் சேர்ந்து உட்காருவது சாதாரணம். எல்லார் வீட்டிலும் பேய் உண்டு. எல்லார் வீட்டிலும் தெய்வமும் உண்டு. முனீஸ்வரரையும் தாய் சூ யாவையும் எதிரிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்; அவர்கள் காவல் நிற்பவர்கள். உண்மையான மந்திரமோ, துதியோ, சாமி வந்து ஆடுவதுபோன்ற நடிப்போ வேண்டாம். கற்பனை உலகத்துக்குக் கற்பனைச் சொற்களே போதும்.

இன்னொன்று. பொந்தியானாக், லாங்சுயர், பெனாங்கலான் எல்லாமே பிரசவத்தோடும் பிள்ளையை இழப்பதோடும் பிணைந்த பேய்கள். 1957இல் பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ படத்திலிருந்து இன்றுவரை நாம் அவற்றைப் பொழுதுபோக்காகப் பார்த்துப் பழகிவிட்டோம். மேசையில் இருக்கும் ஒருவருக்கு அது சொந்த வாழ்க்கைக் காயமாக இருக்கலாம். ஆட்டத்துக்கு முதல்நாளே வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிடுங்கள்: இந்தக் கதையில் என்ன வரக்கூடாது? காரணம் கேட்காதீர்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் வகுத்த ‘எக்ஸ் அட்டை’ முறையும் உதவும். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஓர் அட்டை. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அப்படியே நின்று, கதை வேறு பக்கம் திரும்பும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிராணியைச் சற்றுக் கோமாளியாக்கிவிடுங்கள். நினைவுக்குப் பதில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

இது ஆவியை அழைக்கும் வேலையோ என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். 1980களில் அமெரிக்காவிலும் இதே பயம் இருந்தது. இந்த விளையாட்டை எதிர்த்து இயக்கமே நடந்தது. விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அவர்களையும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பது நல்லது. குடிசைப் பாட்டி வேடம் காலியாகத்தான் இருக்கிறது. இரவில் பெயர் கூப்பிட்டால் ஏன் பதில் சொல்லக்கூடாது என்று அவர்கள் தங்கள் வாயால் சொல்லும்போது, மேசையில் ஒருவரும் கைப்பேசியைத் தொட மாட்டார்கள்.

முடிந்ததும் விளக்கைப் போடுங்கள். தே தாரேக் கலக்குங்கள். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழியனுப்புங்கள். எத்தனையாவது தடவையில் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தால், உங்கள் பேய் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.